106 ஆட்டங்கள்: ஒரே சீசனில் அதிகம் களமிறங்கிய பேஸ்பால் பிட்சர்கள்

கேள்வி கேட்ட நண்பர் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக ஆட்டங்களில் பந்தெறிந்தவர்களின் வரிசை அது. முதலிடத்தில் மைக் மார்ஷல், 1974, 106 ஆட்டங்கள். அடுத்த இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இருவருக்கும் 94தான். கிட்டத்தட்ட தினமும் ஆடப்படும் ஒரு விளையாட்டில் 162 ஆட்டங்களுக்கு 106 என்பது ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது, ஐம்பது ஆண்டுகளாக ஏன் ஒருவரும் அதை நெருங்கவில்லை என்பது அவர் கேட்டது. கடைசி வரியில், 'இப்படி எறிந்தவர்களின் கை பிறகு என்ன ஆனது' என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறார். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோள், முழங்கைக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்டாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் படிப்பது வெகுநாள் பழக்கம். எண்களைப் பற்றி உறுதியாகவே சொல்ல முடியும். கைகளைப் பற்றிச் சொல்லும்போது எந்த இடத்தில் உறுதி தளர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த விளையாட்டைப் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் சிறிது விளக்கம் தேவைப்படுகிறது. பேஸ்பாலில் ஓர் அணி வழக்கமாக ஒன்பது முறை மட்டை பிடிக்கும். இன்னிங்ஸ் எனப்படும் அந்த ஒவ்வொரு முறையும் மூன்று பேர் அவுட் ஆனதும் முடிந்துவிடும். எதிரணியின் பிட்சர்கள் அனைவரும் சேர்ந்து அந்த 27 அவுட்டுகளை எடுக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் இக்காலத்தில் ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் எறிந்துவிட்டு அடுத்த நான்கைந்து நாட்கள் ஓய்வெடுப்பார். சீசன் முழுவதும் அவருக்கு முப்பதுக்குச் சற்று மேற்பட்ட ஆட்டங்கள்தான் அமையும். அவருக்குப் பின் வருபவர்களை ரிலீவர்கள் என்கிறார்கள். வெளியேற்றப்பட்ட பிட்சர் அதே ஆட்டத்தில் மீண்டும் எறிய வர முடியாது என்பதால், ரிலீவர் ஒருவரை எப்போது இறக்குவது, எத்தனை பேட்டர்களுக்கு வைத்திருப்பது என்பது மேலாளரின் முக்கியமான கணக்குகளில் ஒன்று. ஆகவே நண்பர் பார்த்த பட்டியலில் மேலே இருப்பவர்கள் எல்லோருமே ரிலீவர்களாக இருப்பதில் வியப்பில்லை. பட்டியலைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இன்னிங்ஸ் கணக்கில் 208.1 என்று அச்சிட்டிருந்தால், அந்தப் புள்ளிக்குப் பின் உள்ள 1 ஓர் அவுட்டைக் குறிக்கிறது. அதாவது 208 இன்னிங்ஸும் மேற்கொண்டு ஓர் அவுட்டும்.

ஓர் 'ஆட்டம்' என்று கணக்கில் ஏறுவதற்கு ஒரு பிட்சர் எவ்வளவு எறிந்திருக்க வேண்டும் என்பதற்குக் குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லை. ஒரே ஒரு பேட்டருக்கு ஒரே ஒரு பந்து எறிந்தாலும் அது ஓர் ஆட்டம்; முழு ஒன்பது இன்னிங்ஸ் எறிந்தாலும் ஓர் ஆட்டம்தான். இதன் எல்லையைக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. 1971 செப்டம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக லாரி யவுண்ட் என்ற இளைஞர் பிட்சர் நின்று எறியும் மேட்டுக்கு வந்து, தயார்ப்பந்துகள் எறியும்போதே கை வலி தாங்காமல், ஒரு பேட்டரைக்கூடச் சந்திக்காமல் திரும்பிவிட்டார். பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டதால் அது ஓர் ஆட்டமாகப் பதிவானது. அதன் பிறகு அவருக்கு மேஜர் லீக்கில் இன்னோர் ஆட்டம் கிடைக்கவே இல்லை. இதற்கு நேர்மாறாக, மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்று சொல்லப்படும் இடத்தில் இருபது, முப்பது பந்துகள் எறிந்து உடலைச் சூடேற்றிக்கொண்டு, கடைசியில் அழைக்கப்படாமல் உட்கார்ந்துவிடும் ரிலீவருக்கு அந்த நாள் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஒருவர் எத்தனை முறை கடைக்குப் போனார் என்பதை மட்டும் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு சுமை தூக்கி வந்தார் என்பதை எழுதாமல் விட்ட நோட்டுப் புத்தகம் போன்றது இந்த 'ஆட்டங்கள்' என்ற பத்தி. அதன் பக்கத்தில் இன்னிங்ஸ் பத்தியை வைத்துப் படித்தால்தான் ஏதாவது புரியும்.

அப்படிச் சேர்த்துப் படிக்கத் தொடங்கினால், கதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பிக்கிறது. 1879இல் சின்சினாட்டி அணியின் வில் வைட் 76 ஆட்டங்களில் எறிந்தார். அவற்றில் 75ஐத் தானே தொடங்கி, 75ஐயும் தானே முடித்தார். மொத்தம் 680 இன்னிங்ஸ். அணியின் சீசனே எண்பது ஆட்டங்களை ஒட்டித்தான் இருந்தது என்பதால், அந்த ஆண்டு சின்சினாட்டியின் பந்தெறிதல் என்றாலே அந்த ஒரு மனிதர்தான் என்று சொல்லிவிடலாம். (மேஜர் லீக்கில் கண்ணாடி அணிந்து ஆடிய முதல் வீரரும் இவரே.) 1883இல் பட் கால்வினும் சார்லஸ் ராட்போர்னும் இதே 76ஐ எட்டினார்கள். அடுத்த ஆண்டு பிராவிடன்ஸ் அணியின் இன்னொரு முதன்மைப் பிட்சர் இடையில் விலகிவிட, ராட்போர்ன் கிட்டத்தட்ட தனியாளாக 678 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். அந்த 1884இல் அவர் வென்ற ஆட்டங்கள் 59ஆ 60ஆ என்பது இன்றும் தீராத வழக்கு. வெற்றியை எந்தப் பிட்சர் பெயரில் எழுதுவது என்ற விதி அன்று இன்றுபோல் இறுகியிருக்கவில்லை.

இந்தப் பழைய எண்களை இன்றைய எண்களோடு நேராக நிறுத்தக்கூடாது. வில் வைட் எறிந்த ஆண்டில் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே இருந்த தூரம் 45 அடி; 1881இல் அது 50 அடியானது; இன்றுள்ள 60 அடி 6 அங்குலம் 1893இல்தான் வந்தது. கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி எறிய, இன்றைய மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக் அனுமதித்தது 1884இல். அதற்கு முந்தைய எறிதல் இடுப்பளவிலும் பக்கவாட்டிலும் நிகழ்ந்தது. தோளுக்கும் முழங்கைக்கும் அது கொடுத்த வேலையும் வேறு வகை. 680 இன்னிங்ஸ் எறிந்த மனிதர் இன்றைய பிட்சர்களைவிட மூன்று மடங்கு வலிமையானவர் என்று முடிவு கட்டுபவர்கள் இந்த வேறுபாட்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

தூரம் கூடியதும் முழு ஆட்டம் எறியும் ஒற்றை ஆள் என்ற ஏற்பாடு மெல்லச் சிதைந்தது. 1908இல் சிகாகோவின் எட் வால்ஷ் 66 ஆட்டங்களில் 464 இன்னிங்ஸ் எறிந்து 40 வெற்றிகளைப் பெற்றது அந்தப் பழைய வகையின் கடைசிப் பெருமூச்சுகளில் ஒன்று. ரிலீவர் என்பது தனித் தொழிலாக மாறியதற்கு நல்ல அடையாளம் 1950. பிலடெல்ஃபியாவின் ஜிம் கான்ஸ்டன்டி அந்த ஆண்டு 74 ஆட்டங்களில், ஒன்றைக்கூடத் தொடங்காமல், ரிலீவராக மட்டுமே எறிந்து நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். அதன் பிறகு ஏற்றம் வேகமானது: 1964இல் ஜான் வயட் 81, 1965இல் டெட் அபர்நதி 84, 1968இல் வில்பர் வுட் 88, 1969இல் வெயின் கிரேஞ்சர் 90. ஐந்தே ஆண்டுகளில் சாதனை நான்கு கை மாறியிருக்கிறது. 1961, 1962ஆம் ஆண்டுகளில் சீசன் 154 ஆட்டங்களிலிருந்து 162க்கு நீண்டது இதற்கு ஒரு சிறு காரணம்தான். எட்டு ஆட்டங்கள் கூடியதால் மட்டும் எண் 74இலிருந்து 90க்குப் போகாது. மேலாளர்கள் தங்கள் நம்பிக்கைக்குரிய ரிலீவரை முன்பைவிட அடிக்கடி அழைக்கத் தொடங்கினார்கள் என்பதே பெரிய காரணம்.

அந்த ஏற்றத்தின் உச்சியில்தான் மார்ஷல் வருகிறார். மிச்சிகன் மாநிலத்தில் 1943இல் பிறந்து, ஷார்ட்ஸ்டாப் என்ற களத்தடுப்பு இடத்தில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கி, பிறகு பிட்சராக மாறியவர். 1973இல் மான்ட்ரியல் அணிக்காக 92 ஆட்டங்களில் 179 இன்னிங்ஸ் எறிந்து கிரேஞ்சரின் 90ஐக் கடந்தார். சீசன் முடிந்ததும் வில்லி டேவிஸுக்கு மாற்றாக அவரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பெற்றுக்கொண்டது. 1974இல் டாட்ஜர்ஸ் ஆடிய 162 ஆட்டங்களில் 106இல் அவர் எறிந்தார், ஒன்றையும் தொடங்கவில்லை, 83 ஆட்டங்களில் கடைசிப் பந்தை எறிந்தவர் அவரே. 208 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும். 15 வெற்றி, 12 தோல்வி, 21 சேவ் (அணியின் குறுகிய முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்த ஆட்டங்கள்). ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.42 ஓட்டங்கள் என்ற சராசரி. ஜூன் பின்பாதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை அணி ஆடிய 13 ஆட்டங்களில் தொடர்ச்சியாகக் களமிறங்கினார். அந்தத் தொடர்ச்சியை 1986இல் டெக்சஸின் டேல் மோஹார்சிச் சமன்செய்தார். 1974ஆம் ஆண்டின் நேஷனல் லீக் சை யங் விருது மார்ஷலுக்குப் போனது. சிறந்த பிட்சருக்கான அந்த விருதை ஒரு ரிலீவர் பெற்றது அதுவே முதல் முறை.

106 என்பதைவிட 208 என்பதே என்னை அதிகம் வியக்கவைக்கும் எண். இக்காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களிலேயே 200 இன்னிங்ஸைத் தொடுபவர்கள் ஒரு சீசனுக்கு ஒரு சிலர்தான். அதுவும் நான்கைந்து நாள் இடைவெளி விட்டு எறிந்து. மார்ஷல் அந்த அளவை, எப்போது அழைப்பு வரும் என்று முன்கூட்டித் தெரியாத ஒரு வேலையில், ஒரு முறைக்கு ஏறக்குறைய இரண்டு இன்னிங்ஸ் என்ற கணக்கில் எறிந்து முடித்திருக்கிறார். மேலும் பட்டியலில் உள்ள 106 வழக்கமான சீசனுக்கு மட்டுமான கணக்கு. அக்டோபரில் ஓக்லண்டுக்கு எதிராக, உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் அவர் எறிந்தார். ஐந்தாம் ஆட்டத்தில் பார்வையாளர்கள் களத்துக்குள் பொருட்களை வீசியதால் ஆட்டம் சிறிது நேரம் நின்றது; அந்த இடைவெளியில் தயார்ப்பந்துகள் எறியாமலே நின்றிருந்தார் மார்ஷல். ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் ஓக்லண்டின் ஜோ ரூடி அவருடைய முதல் பந்தை வேலிக்கு வெளியே அடித்து ஓட்டம் எடுத்தார். ஓக்லண்ட் 3க்கு 2 என்று வென்று தொடரையும் முடித்தது. தயார்ப்பந்து எறியாததுதான் காரணம் என்று அன்றிலிருந்து சொல்லப்படுகிறது. ஒரு பந்தை வைத்துக்கொண்டு அப்படி நிறுவ முடியாது. ரூடி நல்ல பேட்டர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாமே.

மார்ஷல் ஏன் அவ்வளவு எறிய முடிந்தது என்பதற்கு அவரிடமே ஒரு விளக்கம் இருந்தது. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உடலியக்க அறிவியல் படித்து 1978இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். ஓய்வு கையைக் காப்பாற்றுவதில்லை, முறையான தொடர் பயிற்சியே காப்பாற்றும் என்பது அவருடைய கட்சி. அவருடைய முதன்மை ஆயுதமான ஸ்க்ரூபால், முன்னங்கையை உள்பக்கமாகத் திருப்பி எறியப்படும் பந்து. அது கையைக் கெடுக்கும் என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. மார்ஷலோ, அதுதான் கைக்கு இயல்பான திருப்பம் என்றார். இதில் பாதி உறுதியான உண்மை: எந்த வகைப் பந்தை எறிந்தாலும், பந்து விரலை விட்டு நீங்கிய பின் முன்னங்கை உள்பக்கமாகவே திரும்புகிறது என்பதை அதிவேகக் கேமராப் படங்கள் காட்டுகின்றன. அதிலிருந்து, அவ்வாறு திருப்பி எறிபவருக்குக் காயமே வராது என்பதற்குப் போவது பெரிய தாவல். ஓய்வுபெற்ற பின் ஃப்ளோரிடாவின் ஸெஃபர்ஹில்ஸில் இளைஞர்களுக்குத் தன் முறையைக் கற்றுக்கொடுத்தார். மேஜர் லீக் அணிகள் அதை ஏற்கவில்லை. அணிகளின் அலட்சியம் அவர் சொன்னது தவறு என்பதற்குச் சான்றாகாது. அதேபோல் அவருடைய 106ஐயும் அவர் சொன்னது சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆண்டே, 1975இல், விலா எலும்புப் பகுதிக் காயத்தால் அவருடைய ஆட்டங்கள் அறுபதுக்கும் கீழே குறைந்தன. ஆனால் 1979இல், 36 வயதில், மினசோட்டா அணிக்காக மீண்டும் 90 ஆட்டங்களில் இறங்கினார்; அமெரிக்கன் லீக்கில் இன்றும் அதுதான் உச்சம். 1973இலும் 1979இலும் அவருடைய மேலாளராக இருந்தவர் ஒருவரே, ஜீன் மாக். பட்டியலில் பிட்சர் பெயர் மட்டுமே அச்சாகிறது. அழைத்தவர் பெயர் அச்சாவதில்லை.

மார்ஷலுக்குக் கீழே உள்ளவர்களின் எண்களைச் சற்று உடைத்துப் பார்த்தால் தொழில் எப்படி மாறியது என்று தெரியும். 1979இல் பிட்ஸ்பர்க்கின் கென்ட் டெகல்வி 94 ஆட்டங்களில் 134 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். ஒரு முறைக்கு ஒன்றரை இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவு. 2006இல் அதே பிட்ஸ்பர்க்கின் சாலமோன் டோரஸ் அதே 94 ஆட்டங்களில் 93 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும் எறிந்தார். ஏறக்குறைய ஆட்டத்துக்கு ஒன்று. 2010இல் நியூயார்க் மெட்ஸின் பெட்ரோ ஃபெலிசியானோ 92 ஆட்டங்களில் எறிந்தது 62 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும் மட்டுமே; ஆட்டத்துக்கு இரண்டு அவுட் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 1973இல் மார்ஷல் இறங்கிய அதே 92 முறை ஃபெலிசியானோவும் இறங்கினார், ஆனால் எறிந்த அளவு அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. எண்ணிக்கை ஒன்று, வேலை வேறு. ஃபெலிசியானோ இடதுகைப் பிட்சர். எதிரணியின் இடதுகை பேட்டர்களுக்காகவே பெரும்பாலும் அழைக்கப்பட்டார். அவர் வேலையைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு பேட்டருக்காக ஆண்டு முழுவதும் தயாராக இருப்பவர் புல்பென்னில் எத்தனை முறை சூடேற்றிக்கொண்டிருப்பார் என்பதுதான் கணக்கில் இல்லாத சுமை. அந்தச் சுமையை யாரும் முறையாகப் பதிவுசெய்து வெளியிடவில்லை; ஆட்டத்தில் எறிந்த பந்துகளின் எண்ணிக்கையே 1988இலிருந்துதான் ஒழுங்காகக் கிடைக்கிறது. மார்ஷல் 1974இல் எத்தனை பந்து எறிந்தார் என்று யாராவது துல்லியமான எண் சொன்னால் அது மதிப்பீடு என்றே கொள்ளுங்கள்.

இப்போது கைகளுக்கு வருகிறேன். ஃபெலிசியானோ 2008இல் 86, 2009இல் 88, 2010இல் 92 என்று மூன்று சீசனில் 266 ஆட்டங்களில் எறிந்தார். அதன் பின் நியூயார்க் யாங்கீஸ் அவரை இரண்டு ஆண்டுகளுக்கு 8 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. தோள் காயத்தால் அவர் அந்த அணிக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. முந்தைய அணி அவரை அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டது என்று யாங்கீஸ் நிர்வாகம் வெளிப்படையாகவே குறைகூறியது. 1998இல் டெட்ராய்ட்டுக்காக முதல் சீசனிலேயே 88 ஆட்டங்களில் இறங்கிய ஷான் ரன்யன், அடுத்த இரண்டு சீசன்களில் 15 ஆட்டங்களோடு மேஜர் லீக்கிலிருந்து மறைந்தார். இந்த இரண்டையும் மட்டும் எடுத்து வைத்தால் தீர்ப்பு எளிது. ஆனால் டெகல்வி 1978இல் 91, 1979இல் 94, பிறகு 1987இல் நாற்பது வயதில் மீண்டும் 90 என்று எறிந்து, 1989 வரை நீடித்து, ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காமல் 1,050 ஆட்டங்களை முடித்தவர். டோரஸ் 2007இல் முழங்கைத் தொல்லையால் தடுமாறினாலும் 2008இல் மில்வாக்கிக்காக 71 ஆட்டங்களில் எறிந்து 28 சேவ் எடுத்துவிட்டுத் தானாகவே ஓய்வுபெற்றார்.

டெகல்வி கையை இடுப்புக்குக் கீழிருந்து கொண்டுவந்து எறிபவர். அவ்வாறு எறிபவர்களுக்குக் கை நீடிக்கும் என்று பலரும் சொல்வார்கள். எண்ணிக்கைப் பட்டியல்களில் இந்த வகையினர் அடிக்கடித் தென்படுவது உண்மை. 2021இல் 80 ஆட்டங்களோடு நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்த டைலர் ரோஜர்ஸும் இவ்வகையே. ஆனால் இவர்கள் பொதுவாகக் குறைந்த வேகத்தில் எறிபவர்கள். கையின் கோணம் காக்கிறதா, வேகக் குறைவு காக்கிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டாவதுக்கே நான் அதிக எடை கொடுப்பேன். முழங்கையின் உள்பக்கத் தசைநார் மீது விழும் இழுவிசை வேகத்தோடு சேர்ந்து உயர்வது ஆய்வகங்களில் அளக்கப்பட்ட ஒன்று. களைப்போடு எறிவது ஆபத்து என்பதிலும் எங்கள் துறையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 'சீசனுக்கு இத்தனை ஆட்டங்களைத் தாண்டினால் தோள் போய்விடும்' என்ற கோடு ஒன்று கிடையாது. தொண்ணூறைத் தொட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும்போது, அவர்களை வைத்து அப்படியொரு கோட்டை யாராலும் போட முடியாது. அத்துடன், 90 ஆட்டங்கள் வரை அழைக்கப்படுபவர் ஏற்கெனவே மற்றவர்களைவிடத் தாங்கும் கை கொண்டவர் என்பதால்தான் அழைக்கப்படுகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. உடைந்துபோன கைகள் ஐம்பதாவது ஆட்டத்திலேயே பட்டியலிலிருந்து கழன்றுவிடுகின்றன. இன்னொரு பக்கம், 1974இல் மார்ஷலின் அணித்தோழர் டாமி ஜான், ஓய்வு நாட்களோடு எறியும் தொடக்கப் பிட்சர், முழங்கைத் தசைநார் அறுந்து வெளியேறினார். அன்று அவருக்கு ஃபிராங்க் ஜோப் செய்த அறுவைச் சிகிச்சைதான் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரே சீசன், ஒரே அணி. அடிக்கடி எறிந்தவர் சீசனை முடித்தார், இடைவெளி விட்டு எறிந்தவரால் முடியவில்லை. இதை வைத்து எந்தப் பொது விதியும் செய்ய மாட்டேன்.

அமெரிக்காவுக்கு வெளியே பார்த்தால், ஜப்பானின் தொழில்முறை பேஸ்பாலில் உச்சம் 90. ஹான்ஷின் டைகர்ஸின் குபோதா தோமோயுகி 2007இல் எட்டியது. அங்கு சீசன் 144 ஆட்டங்கள்தான் என்பதால் விகிதத்தில் அது 62.5 சதவீதம், மார்ஷலின் 65 சதவீதத்துக்கு மிக அருகில் வரும் எண் இது, டெகல்வியின் 94 உட்பட, 162 ஆட்டச் சீசன்களின் அமெரிக்கப் பட்டியலில் மற்ற எந்த எண்ணும் இவ்வளவு அருகில் இல்லை. அதே ஜப்பானில் 1961இல் நிஷிதெட்சு லயன்ஸின் இனாவோ கசுஹிசா 78 ஆட்டங்களில் 404 இன்னிங்ஸ் எறிந்து 42 வெற்றிகள் பெற்றார். இவர் தொடக்கப் பிட்சராகவும் ரிலீவராகவும் மாறி மாறி எறிந்தவர். 1964இல் தோள் காயம் அவருடைய பெரிய ஆண்டுகளை முடித்துவைத்தது. சுமைக்கும் காயத்துக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்று துணிந்து சொல்லத்தக்க இடம் எனக்கு இதுதான். 78 ஆட்டங்களைவிட அந்த 404 இன்னிங்ஸ்தான் அப்படிச் சொல்லவைக்கிறது.

106 ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை இவ்வளவிலேயே ஓரளவு வந்துவிட்டது. மார்ஷல் செய்த வேலை இன்று ஒருவருக்குத் தரப்படுவதில்லை. 1980களின் இறுதியில் ஓக்லண்டில் டோனி லா ரூசா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் கடைசி ஒரு இன்னிங்ஸுக்கு மட்டுமே பயன்படுத்திய முறை எங்கும் பரவியது. ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களுக்கும் தனித்தனி ஆட்கள் வந்தார்கள். ஃபெலிசியானோ போன்ற ஒற்றைப் பேட்டர் நிபுணர்கள் மூலம் எண்ணிக்கை மட்டுமாவது உயர்ந்திருக்கலாம். அந்தக் கதவையும் 2020இல் வந்த விதி பெருமளவு சாத்திவிட்டது. இப்போது களமிறங்கும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடியும் வரை எறிய வேண்டும். காயமோ உடல்நலக் குறைவோ இருந்தால் மட்டுமே விலக்கு. களைத்த ரிலீவரை அடுத்த நிலைப் போட்டிகளான மைனர் லீக்குக்கு அனுப்பி, புதிய கை ஒன்றை அழைத்துக்கொள்வதும் இன்றைய அணிகளின் அன்றாட வழக்கம். தொடர்ந்து மூன்றாவது நாளாக ஒருவரை இறக்கினாலே பயிற்சியாளர்கள் விளக்கம் கேட்கப்படும் காலம் இது. ஃபெலிசியானோவுக்குப் பிறகு மேஜர் லீக்கில் தொண்ணூறைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. ஆண்டின் உச்ச எண் பெரும்பாலும் எண்பதை ஒட்டியே நிற்கிறது.

வருங்காலத்தில் ஏதாவது ஒரு சீசனில் யாராவது 85ஐத் தாண்டினால், நண்பர் ஆட்டங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அதே வரியில் இருக்கும் இன்னிங்ஸையும், அடுத்தடுத்த நாட்களில் எத்தனை முறை இறக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஆட்டங்களும் இன்னிங்ஸும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. மூன்றாவதை மட்டும் நாள்வாரியான ஆட்டப் பதிவைத் திறந்து, விரலால் எண்ணித்தான் எடுக்க வேண்டும்.